எட்டு ராத்தல் வித்தியாசம்

என் கணவருக்கு அடிஸ் அபாபாவில் மூன்று வருஷத்துக்குக் கணக்கு வாத்தியார் வேலை கிடைத்திருக்கிறது என்ற செய்தி எங்கள் தெருவான ஸ்ரீவராகத்தில் பரவியபோது, அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று யாருமே கேட்கவில்லை. எப்படிப் போகப்போகிறீர்கள் என்றுதான் கேட்டார்கள். விமானத்தில் என்றதும், குழந்தையுமா என்றார்கள். குழந்தையும்தான் என்றதும், அக்காவுமா என்றார்கள். அக்காவும் வருகிறாள் என்று சொன்னபோதுதான் வாயடைத்துப் போனார்கள்.

அக்கா என்றால் என் கணவரின் தமக்கை. பத்து வயதில் கல்யாணமாகி, பதின்மூன்றில் கணவனை இழந்து, பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். வந்த இடத்தில் தாயில்லாமல் கிடந்த தம்பியை இடுப்பில் எடுத்துக்கொண்டவள், அவரை பி.ஏ. முடிக்கவைத்து என் கையில் பிடித்துக் கொடுக்கும்வரை இறக்கிவிடவில்லை. நாங்கள் புறப்பட்டபோது அவளுக்கு நாற்பத்தைந்து வயது. தெற்கே நாகர்கோவிலையும் வடக்கே வைக்கத்தையும் தாண்டிப் போனதில்லை. தன் கையால் சமைக்காத எதையும் சாப்பிட மாட்டாள். அவளை விட்டுவிட்டுப் போகலாம் என்ற பேச்சு எங்கள் வீட்டில் எழவேயில்லை. அவளும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ஆயத்தங்கள் தொடங்கியபோது அவளும் தன் புடவைகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள், அவ்வளவுதான்.

தெருவில் ஒரு பெரியவர், கோவில் காரியங்களில் இருந்தவர், கடல் தாண்டலாமோ என்று அவளைத் தடுத்து நிறுத்திக் கேட்டார். அக்கா கொஞ்சமும் தயங்கவில்லை.

"கப்பல்லே போனாத்தானே தாண்டறது? நான் மேலே கூடியாக்கும் போறேன். கடல் அது பாட்டுக்குக் கீழே கிடக்கும்."

பெரியவர் சற்று நேரம் வானத்தைப் பார்த்துவிட்டு, அதுவும் சரிதான் என்று சொல்லிப் போனார்.

சிக்கல் சாஸ்திரத்திலிருந்து வரவில்லை. விமானக் கம்பெனிக்காரர்கள் அனுப்பிய ஒரு காகிதத்திலிருந்து வந்தது. பெரியவர்கள் ஆளுக்கு நாற்பத்துநான்கு ராத்தல் சாமான் கொண்டுவரலாம், குழந்தைக்கு அதில் பாதி என்று அதில் இருந்தது. ராத்தல் என்று நாங்கள் சொல்வதும் இங்கிலீஷ்காரன் பவுண்டு என்பதும் ஒன்றேதான். அதன் கீழே இன்னொரு வரி: பிரயாணிகளின் உடல் எடையும் புறப்படுமுன் குறித்துக்கொள்ளப்படும்.

என் கணவர் இந்த இரண்டாவது வரியில் மாட்டிக்கொண்டார். ஒரு எண்ணை யாராவது குறித்துக்கொள்கிறார்கள் என்றால் அதை எதனுடனோ கூட்டப்போகிறார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. சும்மா எழுதி வைப்பதற்காக உலகத்தில் எந்த எண்ணும் எழுதப்படுவதில்லை என்றார். ஆகவே ஆள் எடை கூடினால் சாமான் குறையும் என்று முடிவு கட்டினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு கஞ்சியாயிற்று. நான் மெலிந்தேன். குழந்தைக்கு நாலு வயது, அவள் அடுத்த வீட்டில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாள். அக்கா வருஷக்கணக்காக ஒரு வேளைதான் சாப்பிட்டு வந்தவள். அவளிடம் குறைப்பதற்கு எதுவும் இல்லை.

புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போது, எல்லோரையும் நிறுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று எங்களைச் சாலை பஜாருக்கு அழைத்துப் போனார். அங்கே மொத்த அரிசி வியாபாரி ஒருவர் இருந்தார், நாஞ்சில் நாட்டுக்காரர். அவருடைய மகனுக்கு என் கணவர் கணக்குச் சொல்லிக்கொடுத்து வந்தார். கடைக்குப் பின்னால் மூட்டை அடுக்குகிற கிட்டங்கியில் உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கும் பெரிய தராசு. ஒவ்வொரு தட்டிலும் ஒரு மாட்டுக்கன்றைப் படுக்கவைக்கலாம்.

"சாரே, ஆளை நிறுக்கது கோவில்லே அல்லவா உண்டு. துலாபாரம்னா மறுதட்டிலே பழமோ சர்க்கரையோ வைப்பாவ. எங்கிட்டே வெறும் படிக்கல்லுதான் இருக்கு" என்றார் வியாபாரி.

படிக்கல்லே போதும், அதுதான் வேண்டும் என்றார் என் கணவர்.

முதலில் அவர் ஏறினார். பிறகு நான் சப்பணமிட்டு உட்கார்ந்தேன். சுமட்டுக்காரர்கள் மூட்டையை இறக்கிவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். அக்காவின் முறை வந்தபோது கடை வாசலில் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். வெள்ளைப் புடவையில் ஒருத்தி தராசுத் தட்டில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, எந்தக் கோவிலுக்கு நேர்ச்சை என்று கேட்டாள்.

"ஏரோப்ளேனுக்கு" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமலேயே.

என் கணவர் நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொண்டார். அவர் நூற்றுப் பதினெட்டு. நான் தொண்ணூற்றாறு. அக்கா நூற்று நாலு. குழந்தை முப்பத்தொன்று.

அதற்குப் பிறகு சாமான் பட்டியல். அவருடைய புத்தகங்களே அறுபது ராத்தல் வந்தன. லாகரிதம் அட்டவணை மட்டும் மூன்று விதம். என்னுடைய பாத்திரங்களில் பாதியை வெளியே எடுத்து வைத்தார். அக்காவின் பக்கம் வந்தபோது அவர் அடித்தது ஒரே ஒரு சாமானைத்தான். அது தோசைக்கல்.

அது சாதாரணக் கல் இல்லை. வார்ப்பு இரும்பு, தாம்பாளத் தட்டு அளவுக்கு வட்டம், நடுவில் லேசாகக் குழிந்திருக்கும். எடை சரியாக எட்டு ராத்தல். அக்கா பதினைந்து வயதிலிருந்து அதில் வார்த்து வந்தாள். வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. நான் கல்யாணமாகி வந்து ஆறு வருஷத்தில் இரண்டு தடவைதான் தொட்டிருக்கிறேன், இரண்டும் அவளுக்குக் காய்ச்சலாக இருந்தபோது.

அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்றார் அவர். லாகரிதம் புஸ்தகத்தையும் அங்கேயே வாங்கிக்கொள்ளேன் என்றாள் அவள். புத்தகம் வேலைக்கு வேண்டியது என்றார். மூணு வருஷத்துக்கு லாகரிதத்தைத் தின்னுண்டு இருக்கிறதா உத்தேசம் என்று கேட்டாள். அத்தோடு பேச்சு நின்றுவிட்டது. அக்கா கல்லை எடுத்துத் துடைத்து, எண்ணெய் தடவி, அடுக்களைச் சுவரில் சாய்த்து வைத்தாள். வாக்குவாதத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுத்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் ஜெயித்த சந்தோஷத்தில் அதைக் கவனிக்கவில்லை.

புறப்படுகிற நாள் விடியற்காலை, குளித்துவிட்டு வந்து என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். கையில் அவருடைய பழைய வேஷ்டி ஒன்று, நீளவாக்கில் கிழித்தது.

"உனக்குக் குழந்தை பிறந்தப்போ வயறு கட்டினேனே, ஞாபகம் இருக்கோ?" என்றாள். "அதே மாதிரி என்னைக் கட்டு. உள்ளே கல்லை வச்சு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. அவருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்றேன். தெரியாமல் கட்டு என்றாள். அங்கே இரும்பே கிடைக்காதா என்றேன்.

"இரும்பு கிடைக்கும். பழகின கல் கிடைக்குமோ?"

கல்லின் குழிவு வயிற்றுக்கு நேராக வரும்படி வைத்து, வேஷ்டியை ஏழு சுற்றுச் சுற்றி, முதுகில் இழுத்து முடிந்தேன். மேலே அவள் ஒன்பது கஜத்தைக் கட்டிக்கொண்டாள். மடிசார் ஒரு பெரிய மறைவு. வெளியிலிருந்து பார்த்தால் கொஞ்சம் பூசினாற்போல இருந்தாள், அவ்வளவே. குனிய மட்டும் முடியாது. வாசலில் நமஸ்காரம் பண்ண வந்த சிறியவர்களை, நேரமில்லை என்று நின்றபடியே ஆசீர்வாதம் செய்து அனுப்பினாள்.

விமான நிலையம் அப்போது கடற்கரைப் பக்கம் ஒரு பெரிய கொட்டகை போலத்தான் இருந்தது. காக்கிச் சட்டை போட்ட அலுவலர் ஒருவர் சாமான்களை நிறுத்தார். நூற்று ஐம்பத்துநாலுக்கு நூற்று ஐம்பத்துமூன்றேமுக்கால். என் கணவர் முகத்தில் ஒரு பிரகாசம். பிறகு ஆட்களை ஏறச் சொன்னார்கள். அவர் சரியாக நூற்றுப் பதினெட்டு. நான் தொண்ணூற்றுநாலு, கஞ்சியின் பலன். அக்கா ஏறினாள். அலுவலர் நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினார்.

என் கணவர் நோட்டுப்புத்தகத்தைத் திறந்தார்.

தராசு தப்பு என்று மிக மரியாதையாகச் சொன்னார். சர்க்கார் முத்திரை போட்ட தராசு என்றார் அலுவலர். அப்படியானால் நிரூபித்துவிடலாம் என்று அவரே மறுபடி ஏறி நின்றார். நூற்றுப் பதினெட்டு. என்னை ஏற்றினார். தொண்ணூற்றுநாலு. குழந்தையை ஏற்றினார். அக்காவை ஏற்றினார், நூற்றுப் பன்னிரண்டு. எங்களுக்குப் பின்னால் கியூவில் நின்ற ஒருவர் தன் பெட்டியைக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். மூன்றாவது தடவையும் அதே எண் வந்ததும், சேச்சி காலையில் ஏதாவது சாப்பிட்டிருப்பார் என்று அலுவலர் மலையாளத்தில் சமாதானம் சொன்னார். எட்டு ராத்தலுக்கா என்று என் கணவர் கேட்டார். அக்கா கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் குழந்தைக்குத் தலை சீவிவிட்டேன், சீவியிருந்த தலையை.

எடை கூடியதற்காக அவர்கள் எதையும் குறைக்கவில்லை, கூட்டவுமில்லை. சும்மாதான் குறித்துக்கொண்டார்கள். ஆனால் அதற்குள் அவருடைய யோசனை வேறு பக்கம் போய்விட்டது. காத்திருக்கும் பெஞ்சில் அக்காவை உட்காரவைத்து, தரையில் முழங்காலிட்டு, அவள் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். குழி விழவில்லை.

"வெளியிலே தெரியலை. உள்ளேயாக்கும் நீர் கோத்துண்டிருக்கு" என்று என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார். அந்த நிமிஷம் நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் தோளுக்கு மேலாக அக்கா என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

பம்பாய் வரைதான் அந்த விமானம்; அடுத்ததற்காக அங்கே மாதுங்காவில் ஒரு நம்மவர் விடுதியில் ஒரு நாள் தங்கினோம். அந்த ஒரு நாள் முழுவதும் அவர் அக்காவுக்குப் பார்லித் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கேயோ அலைந்து வாழைத்தண்டும் கொண்டுவந்து விடுதிக்காரரிடம் கெஞ்சி ஒரு அடுப்பு வாங்கிக் கொடுத்தார். நீர் இறங்கும் என்று எதெதைக் கேள்விப்பட்டிருந்தாரோ அது எல்லாம் வந்தது. தம்பி தன் கையால் அரிசி களைந்தாலே பதறுகிறவள், எதுவும் பேசாமல் தானே காய்ச்சித் தானே குடித்தாள். மறுநாள் காலை குளியலறையில் மறுபடி கட்டும்போது வயிறு பானை மாதிரி இருந்தது. ஏழு சுற்று ஐந்து சுற்றாகத்தான் வந்தது. போதும் அக்கா, சொல்லிவிடலாம் என்றேன். இவ்வளவு குடித்தபின் சொன்னால் அவனுக்கு வருத்தமாக இருக்கும் என்றாள்.

பெரிய விமானம். நாலு எஞ்சின். உள்ளே ஏறியதும் ஒரு நீண்ட குழாய்க்குள் நாற்காலி போட்டமாதிரி இருந்தது. அக்காவின் இடுப்புக்கு வார் எட்டவில்லை. ஆங்கிலோ இந்தியப் பெண்ணைப் போலிருந்த ஏர் ஹோஸ்டஸ் வந்து சிரித்துக்கொண்டே அதை நீட்டிக் கொடுத்தாள். அக்கா சாய்ந்துகொள்ளாமல் விக்கிரகம் போல நிமிர்ந்து உட்கார்ந்தாள். எங்கள் பக்கத்து வரிசையில் நரைத்த மீசையோடு ஒரு குஜராத்தி டாக்டர், நைரோபியில் வெகுநாளாக வைத்தியம் செய்கிறவராம். புறப்படுமுன்பே என் கணவர் அவரைத் தெரிந்துகொண்டுவிட்டார்.

மேலே போகப் போகக் காது அடைத்தது. குழந்தைக்கு மிட்டாய் கொடுத்தார்கள். கீழே கடல் அக்கா சொன்னபடியே அது பாட்டுக்குக் கிடந்தது. ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அக்காவின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. மூச்சைச் சின்னச் சின்னதாக விட்டாள்.

"கட்டு இறுகறதுடி" என்றாள் என் காதில்.

மேலே போனால் வயிற்றுக் காற்று பெருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. பார்லித் தண்ணீரும் வாழைத்தண்டும் தன் பங்குக்கு வேலை செய்திருக்க வேண்டும். அவிழ்த்துவிடலாம் வாருங்கள் என்றேன். ஏடன் வரட்டும் என்றாள். ஏடன் வர இன்னும் ஏழு மணி நேரம் இருந்தது.

அதற்குள் என் கணவர் எழுந்து டாக்டரிடம் போய்விட்டார். இரண்டு வாரத்தில் எட்டு ராத்தல் நீர், இப்போது மூச்சுத் திணறல் என்று இங்கிலீஷில் சொல்வது எனக்குக் கேட்டது. டாக்டர் பாவம், நல்ல மனுஷர். உடனே எழுந்து வந்தார். தொடக்கூடாது என்று அக்கா கையை எடுத்துக்கொண்டாள். புடவைக்கு மேலாகத்தான் பார்ப்பார், டாக்டர் பகவானுக்குச் சமம் என்று தம்பி கெஞ்சினார். அக்காவுக்கு வெறும் வயிற்றுவலிதான், ஒன்றும் பார்க்க வேண்டாம் என்று நான் குறுக்கே புகுந்தேன். என் கணவர் என்னை ஒரு கல்நெஞ்சக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

நீர் கோத்த வயிற்றை டாக்டர்கள் தட்டிப் பார்ப்பார்கள். இடது கை விரலை வைத்து, வலது கை விரலால் அதன்மேல் தட்டுவார்கள். ஒலியிலிருந்து தெரியுமாம். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, புடவைக்கு மேலாக ஒரு விரலை வைத்துப் பார்த்தார். முகம் மாறியது. விரலை எடுத்துவிட்டு நேராகவே ஒரு தட்டுத் தட்டினார்.

டங் என்றது.

எஞ்சின் சத்தத்திலும் அது தெளிவாகக் கேட்டது. முன் வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். டாக்டர் தன் விரலைப் பார்த்துக்கொண்டார். கொஞ்சம் தள்ளி இன்னொரு தட்டு. அங்கேயும் டங்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு, தம்பியைப் பார்க்காமல் சொன்னாள்.

"கல்லுடா."

என் கணவர் ஆடிப்போய்விட்டார். "வயத்திலே கல்லா? எத்தனை நாளா? ஏன் என்கிட்டே சொல்லலை?" என்று கேட்டபடியே டாக்டர் பக்கம் திரும்பி, கல் அடைப்பு, என் சகோதரிக்கு முன்பே தெரிந்திருக்கிறது, மறைத்திருக்கிறாள் என்று இங்கிலீஷில் சொன்னார். டாக்டர் கையால் அக்காவின் வயிற்றுக்கு நேராகக் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காண்பித்து, இந்த அளவுக்குக் கல்லை நான் பார்த்ததில்லை, புத்தகத்திலும் இல்லை, அதுவும் கோவில் மணி மாதிரி ஒலிக்கிற கல் என்றார். நைரோபி ஆஸ்பத்திரியில் உடனே கிழிக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். என் கணவர் இருக்கையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதைப் பார்த்துத்தான் அக்காவின் மனது இளகியது.

"அழாதேடா. தோசைக்கல்லாக்கும்."

அவர் கைப்பிடியை விட்டுவிட்டு அக்காவின் வயிற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் குழந்தையைப் பார்த்தேன். குழந்தை, அம்மாதான் கட்டினாள், நான் கதவிடுக்கிலே பார்த்தேன் என்றாள். டாக்டர் என்ன என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதை இங்கிலீஷில் சொல்ல என் கணவருக்கு வெகுநேரம் ஆயிற்று. கடைசியில் டாக்டர் வைத்தியராகவே நடந்துகொண்டார். எதுவாக இருந்தாலும் உடனே எடுத்துவிட வேண்டும் என்றார்.

விமானத்தின் கழிப்பறை ஒரு பீரோ அளவு. அதற்குள் நானும் அக்காவும் ஒன்பது கஜப் புடவையும். ஒருத்தி மூச்சை உள்ளே இழுத்தால்தான் இன்னொருத்தி கையைத் தூக்க முடியும். புடவையை அவிழ்த்து என் தோளில் போட்டுக்கொண்டேன், அது வாஷ்பேசினில் விழுந்து நனைந்தது. முடிச்சு இறுகிப் போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்தேன். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். முடிச்சு அவிழ்ந்த அதே கணம் விமானம் ஒரு பள்ளத்தில் விழுந்தமாதிரி இறங்க, கல் என் கையிலிருந்து நழுவித் தகரத் தரையில் மோதியது. அந்தச் சத்தத்தை நான் இதுவரை எந்த அடுக்களையிலும் கேட்டதில்லை. வெளியே ஒரு அம்மாள் இந்தியில் ராமனைக் கூப்பிட்டாள். எஞ்சின் கழன்றுவிட்டது என்று நினைத்தவர்களும் உண்டாம். அக்கா முதலில் குனிந்து கல்லைப் பார்த்தாள். கீறல் இல்லை. பிறகுதான் நிம்மதியாக ஒரு மூச்சு விட்டாள்.

நாங்கள் வெளியே வந்தபோது எல்லோரும் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். நான் கல்லை வேஷ்டியில் சுற்றிக் குழந்தையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு நடந்தேன்.

அவர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். கல்லை வாங்கி மடியில் வைத்துக்கொண்டவர் முகம் வெளிறிப் போயிருந்தது. வேறொன்று அவருக்கு நினைவு வந்துவிட்டது. எட்டு ராத்தல் இரும்பு. விமானத்தை ஓட்டுகிறவர்கள் திசை பார்ப்பது காந்த ஊசியை வைத்து. நாம் ஒரு மணி நேரத்துக்கு மேலாக எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறோம் என்று கேட்டார். ஜன்னல் வழியே பார்த்தால் நாலு பக்கமும் கடல்தான், அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

எழுந்து, விமானத்தின் முன்கதவு வரைக்கும் அடி எண்ணிக்கொண்டு நடந்து போய்த் திரும்பி வந்தார். நோட்டுப்புத்தகத்தில் அரைப் பக்கம் கணக்குப் போட்டார். தாளைக் கிழித்து, தயவுசெய்து இதைக் காப்டனிடம் கொடுங்கள், அவசரம் என்று ஏர் ஹோஸ்டஸிடம் கொடுத்தார். கால்மணி நேரத்தில் காப்டனே வந்துவிட்டார். நெட்டையான வெள்ளைக்காரர், கையில் அந்தத் தாள். என் கணவர் எழுந்து நின்று, இரும்பின் எடை, முன்பக்கத்திலிருந்து தூரம், தூரத்தின் மும்மடிக்கு ஏற்ப விசை எப்படிக் குறையும் என்பதையெல்லாம் வகுப்பில் சொல்வதுபோலச் சொல்லி, தன் குடும்பத்தின் சார்பில் மன்னிப்பும் கேட்டார். காப்டன் ஒரு இடத்திலும் சிரிக்கவில்லை. கல்லைக் கையில் வாங்கி எடை பார்த்தார். சண்டைக்காலத்தில் எத்தனையோ பேரை ஏற்றிப் போயிருக்கிறேன், இவ்வளவு பொறுப்பான பிரயாணியைப் பார்த்ததில்லை என்றார். கணக்கு சரி, இந்தத் தூரத்தில் ஆபத்து இல்லை, இருந்தாலும் முன்ஜாக்கிரதையாகக் கல் வால் பக்கத்துக் கடைசி வரிசையில் இருக்கட்டும், இறங்கும்வரை யாரும் முன்னால் கொண்டுவர வேண்டாம் என்று உத்தரவு போட்டார்.

அவர் கேலி செய்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் கணவருக்கு அந்தச் சந்தேகம் வரவேயில்லை.

கடைசி வரிசையில் ஒரு இருக்கை காலியாக இருந்தது. தோசைக்கல்லை அதில் சாய்த்து வைத்து ஏர் ஹோஸ்டஸ் இடுப்பு வாரைப் போட்டாள். வார் அதற்குச் சரியாக எட்டியது. காவலுக்கு என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். குழந்தை போய்ப் பார்த்துவிட்டு வந்து, கல்லுக்கு மிட்டாய் இல்லையா என்று கேட்டாள். அந்தப் பெண் ஒரு மிட்டாயைக் கொண்டுபோய் வைத்தாள். சாயங்காலத்துக்குள் விமானத்தில் இருந்த பாதிப் பேர் பின்னால் போய்க் கல்லைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். டாக்டர் இரண்டு தடவை போனார், இரண்டாவது தடவை ஒருமுறை தட்டியும் பார்த்தார்.

அக்கா கட்டிக்கொண்டு வந்திருந்த புளியஞ்சாதத்தை ஆற அமரச் சாப்பிட்டாள். அரேபியாக் கரை தெரிகிற நேரத்தில் என் கணவர் எழுந்து வந்து அவள் பக்கத்தில் குந்தினார்.

"என்கிட்டே சொல்லியிருக்கலாமே அக்கா. ரெண்டு புஸ்தகத்தை எடுத்து வெளியிலே வச்சிருப்பேன்."

"வச்சிருக்க மாட்டே."

அவர் யோசித்தார். நேர்மையான மனிதர்.

"மாட்டேன்" என்றார். பிறகு, "நான் பயந்தே போயிட்டேன்" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பார்லித் தண்ணி போறும்டா இனிமே" என்றாள் அக்கா. அவர் தலையில் கையை வைத்தாள். விசாரணை முடிந்ததுபோல அவர் எழுந்து தன் காவலுக்குத் திரும்பினார்.

ஏடனில் இறங்கி, மறுநாள் ஒரு சின்ன விமானத்தில் மலைகளுக்கு மேலாகப் பறந்து அடிஸ் அபாபாவுக்கு வந்து சேர்ந்தோம். அதில் கல் என் கணவரின் கையிலேயே வந்தது. வயிற்றில் கட்ட வேண்டிய அவசியம் போய்விட்டிருந்தது.

சுங்கத்தில் உயரமான, மெலிந்த ஒரு அதிகாரி. பெட்டிகளைத் திறந்து லாகரிதப் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார், அவற்றின்மேல்தான் அவருக்குச் சந்தேகம். பிறகு வேஷ்டி மூட்டையைப் பிரித்தார். என் கணவர் தயாராக வைத்திருந்த இங்கிலீஷ் விளக்கத்தைத் தொடங்கினார். அதிகாரி கேட்டுக்கொள்ளவேயில்லை. உள்ளங்கையால் கல்லை ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார், எங்கள் எல்லோரையும் தாண்டி அக்காவைப் பார்த்தார். வலது கையைக் குவித்துக் கல்லுக்கு மேலே ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவுக்குக் கொண்டுவந்தார். மாவு வார்க்கிற கை அது, பார்த்தவுடனே தெரிந்தது. அந்த ஊரிலும் புளித்த மாவை வட்டமாக வார்த்துத்தான் சாப்பிடுகிறார்கள் என்பது எங்களுக்கு அதற்கு அப்புறம்தான் தெரியவந்தது.

அக்கா தலையை ஆட்டினாள், அப்படி இல்லை என்று. முன்னால் போய், தன் கையைக் குவித்து, நடுவில் தொடங்கி ஓரத்துக்குச் சுற்றிக் காண்பித்தாள். அதிகாரி அதை ஒப்புக்கொள்ளவில்லை. மறுபடி ஓரத்திலிருந்து நடுவுக்கு. அக்கா மறுபடி நடுவிலிருந்து ஓரத்துக்கு. அவர் பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டார், அவரும் ஓரத்திலிருந்துதான் தொடங்கினார். எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போயிற்று. இருபுறமும் யாரும் இறங்கி வருவதாக இல்லை. கடைசியில் அதிகாரி கையை விரித்துவிட்டு, பெட்டிகளின்மேல் சாக்குக்கட்டியால் கோடு போட்டார், கல்லின்மேல் போடவில்லை.

வெளியே பள்ளிக்கூடத்திலிருந்து வேன் வந்திருந்தது. குளிர் எலும்பில் ஏறியது. மேடேறுகிற சாலையின் இரண்டு பக்கமும் வெளிறிய தண்டோடு உயரமான மரங்கள். அக்கா ஜன்னல் வழியே தலையை வெளியே நீட்டி மூச்சை இழுத்தாள்.

"ஊரே நீலகிரித் தைலம் மணக்கறது" என்றாள்.

அது யூகலிப்டஸ் மரம் என்றார் என் கணவர். குழந்தை என் மடியில் தூங்கிவிட்டிருந்தாள். இன்னும் எவ்வளவு தூரம் என்று டிரைவரிடம் கேட்டோம். அவருக்கு எங்கள் பாஷை தெரியாது, எங்களுக்கு அவர் பாஷை தெரியாது. அவர் ஒரு விரலைக் காட்டினார். ஒரு மைலா, ஒரு மணி நேரமா என்று அக்காவும் என் கணவரும் பின்னால் விவாதிக்கத் தொடங்கினார்கள்.